7, 43, 34: ஒரே ஆய்வேட்டுக்கு மூன்று விழுக்காடு

குமரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியின் நூலகர் நான். ஒரு மாணவியின் முதுகலை ஆய்வேட்டுக்கு மூன்று வாரத்துக்குள் மூன்று ஒப்புமை விழுக்காடுகள் வந்த கதையை எழுதுகிறேன். ஏற்கெனவே உள்ள பிறர் எழுத்தோடு ஏடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் சொல்லும் எண் அது. முதலில் 7, பிறகு 43, கடைசியில் 34. அந்த மூன்று வாரத்தில் ஏட்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. கல்லூரியின் பெயரையும் மாணவியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. "போட்டால் என்ன சார்?" என்று அவளே கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன்.

வரலாற்றுத் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கடைசிப் பருவத்தில் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். எல்லோரும் அதைப் புராஜெக்ட் என்றுதான் சொல்வார்கள். வாய்வழித் தேர்வுக்கு முன் அது நூலகத்துக்கு வரும். நான் ஒப்புமை மென்பொருளில் ஏற்றி, விழுக்காடு அச்சான தாளில் கையெழுத்திட்டுக் கொடுப்பேன். மாணவரின் உறுதிமொழி, நெறியாளரின் சான்றிதழ், என் தாள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பைண்டிங் செய்துவிட்டால் ஏடு சுத்தம் என்று பொருள்.

இந்த மாணவியின் தலைப்பு கோதையாற்றுப் பாசனமும் மாத்தூர் தொட்டிப்பாலமும். ஐந்து இயல்கள், 72 பக்கங்கள். மென்பொருள் 7 விழுக்காடு என்றது. பத்துக்குக் கீழே இருந்தால் பிரச்சினை இல்லை. நானும் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த நிகழ்வில் நடந்த தவறுகளை வரிசைப்படுத்தினால் அந்தக் கையெழுத்துக்கு முன்வரிசையில் இடம் உண்டு.

அன்று மாலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மேசையில் கிடந்த ஏட்டைப் புரட்டினேன். 19-ஆம் பக்கத்தில், தொட்டிப்பாலம் ஒரு கிலோமீட்டர் நீளம் என்றிருந்தது. எனக்கு அந்தப் பாலம் சிறுவயதிலிருந்தே பழக்கம். திருவட்டாற்றுப் பக்கம் எங்கள் அம்மை வீடு. பரளியாற்றுக்கு மேலே, இரண்டு குன்றுகளுக்கு நடுவில், பட்டணங்கால் சானல் (கால்வாய்) தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நிற்கிற தொட்டி அது. 28 தூண்கள், உயரம் 115 அடி, கட்டியது 1966-இல். இவற்றையெல்லாம் மாணவி சரியாகவே எழுதியிருந்தாள். ஆனால் ஒரு கிலோமீட்டரா? தொட்டியை ஒட்டிய நடைபாதையில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தாலும் ஐந்தாறு நிமிடத்தில் மறுகரை வந்துவிடுமே.

அப்படியே 47-ஆம் பக்கத்துக்கு வந்தேன். நான்காம் இயல். "பாலத்தின் இந்தத் தலையில் பற்றவைத்த பீடி முடிவதற்குள் அந்தத் தலைக்குப் போய்விடலாம் என்று அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்."

ஒரு கிலோமீட்டர் வரைக்கும் எரிகிற பீடியை நான் கண்டதில்லை. 19-ஆம் பக்கத்தை எழுதியவர் அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. 47-ஆம் பக்கத்தை எழுதியவர், அல்லது சொன்னவர், அங்கேயே வாழ்ந்தவர். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மாணவியின் பெயர். பஸ்ஸை விட்டுவிட்டு ஏட்டை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

தையல் தெரிந்த இடங்கள்

பிறருடைய எழுத்தைத் தன்னுடையது என்று கொடுக்கிற ஏட்டில் சரியான தகவல் நம்மை எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது. கோதையாற்றின் பேச்சிப்பாறை அணை 1897-இல் தொடங்கி 1906-இல் முடிந்தது என்று நூறு பேர் எழுதலாம். நூறு பேரும் தனித்தனியே படித்துத் தெரிந்துகொண்டிருக்கலாம். தவறு அப்படியில்லை. ஒரே தவறு இரண்டு இடத்தில் இருந்தால் ஒன்று மற்றொன்றின் பிள்ளை, அல்லது இரண்டும் ஒரு தாய் மக்கள். பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்கள் எந்த ஏடு எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க இதே வழியைத்தான் நம்பினார்கள். இணையத்தில் அந்த ஒரு கிலோமீட்டரைத் தேடினேன். பக்கம் பக்கமாக வந்தது. "ஆசியாவிலேயே நீளமானது, உயரமானது" என்ற வரியும் அதன் தோளில் கைபோட்டுக்கொண்டு கூடவே வந்தது. யார், எதனோடு ஒப்பிட்டு, எப்போது அளந்தார்கள் என்று நான் பார்த்த பக்கங்கள் எதிலும் இல்லை. மாணவியின் ஏட்டில் அந்த வரி மூன்று முறை இருந்தது.

சொற்களும் காட்டிக்கொடுத்தன. பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளரின் பெயர் இரண்டாம் இயலில் மிஞ்சின், மூன்றாம் இயலில் மின்சின். மூன்றாம் இயலில் ஓரிடத்தில் "வால் முனை விவசாயிகள்" என்றிருந்தது. நான் திகைத்துப்போனேன். குமரி மாவட்டத்தில் வயல் உள்ள வீட்டில் பிறந்த எவரும் வால் முனை என்று சொல்லமாட்டார்கள். அது கடைமடை. தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற, பல நேரம் வராமலே போகிற இடம். நான்காம் இயலில் கடைமடை என்ற சொல் ஒன்பது முறை, அச்சுப் பிசகாமல் இருந்தது. மூன்றாம் இயல் ஆங்கிலத்தில் யாரோ எழுதியதை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தது என்பதற்கு இதற்கு மேல் சான்று எனக்குத் தேவைப்படவில்லை. "ஆற்றின் படுக்கை" என்றும் ஒரு வரி இருந்தது. ஆறு பாவம், படுத்துக்கொண்டது.

சரி, மென்பொருள் ஏன் 7 என்றது?

காரணம் மாணவியின் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. கையால் எழுதிய படியை நாகர்கோவிலில் ஒரு டி.டி.பி. கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்திருக்கிறாள். கடைக்காரர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் திரையில் தெரிவதுதான் தமிழ். கணினிக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் வெறும் கிறுக்கல். இணையத்தில் யூனிக்கோடு என்ற பொதுக் குறியீட்டு முறையில் இருக்கிற தமிழோடு அந்தக் கிறுக்கலை ஒப்பிட்டால் மென்பொருளுக்கு என்ன தெரியும்? அது கண்டுபிடித்த 7 விழுக்காடும் ஆங்கிலத்தில் இருந்த சான்றிதழ், உறுதிமொழிப் பக்கங்களிலிருந்து வந்தவை. யூனிக்கோடைத் தமிழக அரசு 2010-லேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. டி.டி.பி. கடைகளின் விரல் பழக்கம் மட்டும் இன்னும் பழைய விசைப்பலகையிலேயே இருக்கிறது. தமிழில் எழுதிய எத்தனை ஏடுகளுக்கு நான் இப்படிக் கையெழுத்திட்டிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிக்கோடாக்கி மறுபடி ஏற்றினேன். 43.

எண் என்ன சொல்கிறது

பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் கொண்டுவந்த விதிமுறைகள் எழுத்துத் திருட்டை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. 10 விழுக்காடு வரை சிறு ஒப்புமை, தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய படியைக்கூட ஓராண்டுக்குக் கொடுக்க முடியாது. 60-ஐத் தாண்டினால் அந்தப் படிப்புக்கான பதிவே ரத்து. இந்தத் தண்டனைகள் முதுகலைக்கும் அதற்கு மேலும் மட்டும்தான். இளங்கலைப் பிள்ளைகளுக்கு இல்லை.

துறை அளவில் ஒரு குழு விசாரிக்க வேண்டும். துறைத்தலைவர், வேறு துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர், ஒப்புமை மென்பொருள் தெரிந்தவர் ஒருவர். மூன்றாவது ஆள் நான். 45 நாளில் அறிக்கை தர வேண்டும்.

43 என்ற எண்ணைக் கண்டதும் துறைத்தலைவர் முகம் இருண்டுவிட்டது. ஓராண்டு போய்விடும், பெண் பிள்ளை, வீட்டில் கல்யாணம் பேசிவிடுவார்கள், அப்புறம் படிப்பு எங்கே என்றார். அவர் சொன்னது மிகை இல்லை. ஆனால் விதிமுறை, எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. உரிய இடம் சுட்டி எடுத்தாண்ட மேற்கோள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்டங்கள், பொதுவாக எல்லோருக்கும் தெரிந்த செய்தி, தற்செயலாக ஒத்துப்போகிற 14 தொடர் சொற்கள் வரை ஆகியவற்றைக் கழித்துவிட்டே பார்க்க வேண்டும். கழித்தோம். 34.

இந்த 14 சொல் கணக்கைப் பற்றி எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு. ஆங்கிலத்தில் 14 சொல் என்றால் ஒரு நடுத்தர வாக்கியம். தமிழில் "எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" என்பது ஒரே சொல். தமிழில் 14 சொல்லுக்குள் ஒரு பத்தியின் கருத்தையே அடக்கிவிடலாம். ஆகவே தமிழ் ஏட்டில் இந்தச் சலுகை தாராளமாகிவிடுகிறது. அதை வகுத்தவர்கள் எந்த மொழியை மனத்தில் வைத்திருந்தார்கள் என்பது வெளிப்படை.

அதைவிடப் பெரிய வேடிக்கை மூன்றாம் இயல். சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்திலிருந்து வந்த அந்த இயலில் மென்பொருள் ஒரு வரியைக்கூட நிறம் தீட்டவில்லை. மொழி மாறியதும் அதற்குக் கண் தெரியவில்லை. மொத்த ஏட்டிலும் அதிகம் திருடப்பட்ட இயல், அறிக்கையில் அதிகம் வெள்ளையாக இருந்தது. வேற்றுத் துறையிலிருந்து வந்த பேராசிரியர், கணிதக்காரர், "அப்படியென்றால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்?" என்று கேட்டார். நான் வால் முனையைக் காட்டினேன். அவர் குமரி மாவட்டத்துத் தோவாளைக்காரர். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "இதற்கு மென்பொருள் எதற்கு?" என்றார்.

மாணவி

அவளைக் கூப்பிட்டோம். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. எதைக் கேட்டாலும் ஒளிக்காமல் சொன்னாள். இரண்டாம் இயல் இணையத்திலிருந்தும், மூன்று ஆண்டுக்கு முன் படித்த ஓர் அக்காவின் ஏட்டிலிருந்தும். மூன்றாம் இயல் கைப்பேசி மொழிபெயர்ப்பு. துணைநூற்பட்டியலில் இருந்த 12 நூல்களில் அவள் கையால் தொட்டது ஒன்று. மற்றவை அந்த அக்காவின் பட்டியலிலிருந்து அப்படியே வந்தவை. ஒரு நூலின் பெயரில் இருந்த எழுத்துப்பிழையும் பத்திரமாக இறங்கியிருந்தது. முதல் இயல் முன்னுரை, ஐந்தாம் இயல் முடிவுரை. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

"நான்காம் இயல்?" என்றேன்.

முதல் முறையாகத் தலை குனிந்தாள். "அது பாட்டா சொன்னது சார்."

அவளுடைய பாட்டா, அதாவது தாத்தா, பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வுபெற்றவர். சானலில் ஷட்டர் திறப்பது, அடைப்பது, கரையில் உடைப்பு பார்ப்பது, இரவில் யாராவது களவாக மடை திறக்கிறார்களா என்று டார்ச் விளக்கோடு நடப்பது, இதுதான் லஸ்கர் வேலை. ஜூன் மாதம் கன்னிப்பூ என்ற முதல் நெல் சாகுபடிக்குத் தண்ணீர் விட்டால், கும்பப்பூ என்ற இரண்டாம் சாகுபடி முடிகிற வரை அவருக்கு உறக்கம் குறைவு. தண்ணீர் அடைத்த மார்ச் மாதங்களில் தொட்டிக்குள்ளேயே இறங்கி நடந்து கசிவு பார்த்திருக்கிறார். எந்த இணைப்பில் கசியும், எதை வைத்து அடைப்பார்கள், மழைக்காலத்தில் தொட்டியில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் வந்தால் ஷட்டரை இறக்க வேண்டும் என்றெல்லாம் நான்காம் இயலில் இருந்தது. அப்படி ஒரு பதினைந்து பக்கத்தை எங்கள் நூலகத்தில் உள்ள எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அதற்கு அவள் போட்டிருந்த சான்று: "அப்பகுதி மக்கள் கூறுகின்றனர்."

"பாட்டா பெயரை ஏன் போடவில்லை?"

"பாட்டா எட்டாம் வகுப்பு சார். புத்தகம் ஒன்றும் எழுதவில்லையே. அவர் சொன்னது எப்படிச் சான்று ஆகும்? வைவாவில் சிரிப்பார்கள் என்று நினைத்தேன்."

எனக்கு இந்த நிகழ்வின் நடுமையம் இதுதான். யாரோ எழுதியதை எடுத்துக்கொண்டது குற்றம். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் ஏன் எடுத்தாள்? அச்சில் இருப்பதும் இணையத்தில் இருப்பதும்தான் அறிவு, தன் வீட்டுத் திண்ணையில் இருப்பது பேச்சு என்று அவளுக்கு நாம் கற்றுக்கொடுத்திருக்கிறோம். தன்னிடம் இருந்த நல்ல சரக்கை வெட்கப்பட்டு ஒளித்துவிட்டு, ஊர் பேர் தெரியாதவரின் சரக்கைக் கடையில் பரப்பியிருக்கிறாள். இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றே. சொன்னவரின் பெயரை மறைத்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள், நோட்ஸில் உள்ளதை உள்ளபடி ஒப்பித்தால் முழு மதிப்பெண். சொந்தமாக ஒரு வரி சேர்த்தால் சிவப்பு மை. அந்தப் பழக்கத்தோடு கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம் ஒருநாள் திடீரென்று, நீ செய்வது திருட்டு என்கிறோம். ஒவ்வொரு பருவத்திலும் இதுபற்றி விழிப்புணர்வு வகுப்பு நடத்த வேண்டும் என்று விதிமுறையில் இருக்கிறது. நடத்தினோம். நாற்பது நிமிடம், திரையில் ஆங்கில ஸ்லைடுகள், கடைசியில் வடையும் தேநீரும். நடத்தியவன் நானே. மேற்கோள் காட்டுவது எப்படி என்பதற்கு அன்று நான் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றுகூடத் தமிழில் இல்லை.

அதற்கு எடுத்துக்காட்டு இல்லாத மொழியா நம்முடையது? தொல்காப்பியர் சூத்திரத்துக்குச் சூத்திரம் "என்மனார் புலவர்" என்கிறார். எனக்கு முன்னே சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. நன்னூல் எழுவகை மதம், அதாவது நூல் எழுதுபவர் கொள்ளக்கூடிய ஏழு நிலைப்பாடுகள், என்று பட்டியலே போடுகிறது. அவற்றில் ஐந்து: பிறர் சொன்னதை உடன்படலாம், மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டலாம். பிறர் மதத்தை எடுத்துத் தன் மதம் என்று வைக்கலாம் என்ற வகை அதில் இல்லை.

ஒரு வரியை வைத்துப் பார்த்தது

குழு 34 விழுக்காட்டின் அடிப்படையில் திருத்தி எழுத ஆறு மாதம் தரப் பரிந்துரைத்தது. மூன்றாம் இயலை எண்ணோடு சேர்க்க வழியில்லாததால் தனிக் குறிப்பாக எழுதி, முழுவதும் மறுபடி எழுத வேண்டும் என்றோம். கல்லூரி அளவிலான குழு ஏற்றுக்கொண்டது. என் கையெழுத்துத் தாளையும் திரும்பப் பெற்றேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் அவள் நூலகத்துக்கு வந்தாள். முதல் சனிக்கிழமை முழுவதும் ஒரே ஒரு வாக்கியத்தில் போயிற்று. இணையப் பக்கத்தில் இருந்தது ஏறத்தாழ இப்படி: "கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலங்களுக்குப் பாசன வசதி அளித்து வறட்சியைப் போக்கும் நோக்கில் இப்பாலம் கட்டப்பட்டது." அவள் எழுதியிருந்தது: "விளவங்கோடு, கல்குளம் வட்டங்களின் மேட்டு நிலங்களுக்குப் பாசன வசதி வழங்கி வறட்சியை நீக்கும் எண்ணத்தில் இப்பாலம் அமைக்கப்பட்டது."

"மாற்றித்தானே எழுதியிருக்கிறேன் சார்" என்றாள்.

மாற்றியது சட்டையின் பொத்தானை. சட்டை இன்னும் அவருடையதே. வாக்கியத்தின் எலும்பு, கருத்து வருகிற வரிசை, எதை முன்னே சொல்வது எதைப் பின்னே சொல்வது என்ற தேர்வு எல்லாம் முதலில் எழுதியவர் செய்தவை. இதன் கீழே அடிக்குறிப்பு போட்டாலும் முழுக்கச் சரியாகாது. அடிக்குறிப்பு, "கருத்து அங்கிருந்து வந்தது, சொல் என்னுடையது" என்று சொல்லும். சொல்லும் அவருடையதாக இருந்தால் மேற்கோள்குறி வேண்டும். இரண்டும் இல்லாமல் நடுவில் நின்றால் ஒட்டுப்போட்ட எழுத்து.

பக்கத்தை மூடிவைக்கச் சொன்னேன். "மக்களே, பாலம் எதற்கு என்று உன் தம்பிக்குச் சொல்வதுபோல் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். பிறகு அதையே எழுதினாள்: "மேட்டு நிலத்துக்குத் தண்ணீர் பாய வேண்டுமென்றால் சானல் மேட்டிலேயே வர வேண்டும். ஒருமுறை பள்ளத்தில் இறங்கிவிட்டால் தானாக ஏறாது. குறுக்கே பரளியாற்றுப் பள்ளம் கிடக்கிறது. அதனால் சானலையே தூண்களின் மேல் தூக்கி அக்கரைக் குன்றுக்குக் கொண்டுபோனார்கள்." எந்தெந்த வட்டங்களுக்குத் தண்ணீர் போகிறது என்ற செய்திக்கு மட்டும் அடிக்குறிப்பு. அந்தப் பத்தியைப் படித்த பிறகுதான் எனக்கே பாலம் எதற்கு என்று புரிந்த மாதிரி இருந்தது.

எதற்குச் சான்று வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதில் அவளுக்குக் குழப்பம் நீடித்தது. ஒரு கட்டத்தில் பயந்துபோய் வரிக்கு வரி அடிக்குறிப்பு போட ஆரம்பித்தாள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு சேர்ந்தது என்பதற்குச் சான்று எதற்கு? பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த இணைப்புக்கான போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று எழுதினால் கட்டாயம் வேண்டும். நூலுக்கு நூல் எண்ணிக்கை மாறும், நீ எதை நம்பினாய் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி என்பது நாளிதழைத் திறந்தால் தெரிகிற செய்தி. அணைக்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்ற விளக்கம் யாரோ ஒருவருடைய உழைப்பு.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல் என்றால் கேட்காமல் எடுக்கலாமே என்று இன்னொரு மாணவன் இடையில் வந்து கேட்டான். எடுக்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். உரிமைத் தொகை தர வேண்டியதில்லை என்பதுதான் அதன் பொருள். நான் எழுதினேன் என்று போட்டுக்கொள்ள அரசு யாருக்கும் அனுமதி தரவில்லை. காப்புரிமை முடிந்தாலும் எழுதியவர் எழுதியவரே. அதே மாணவனின் பட்டியலில் செயற்கை நுண்ணறிவுச் செயலி தந்த இரண்டு நூல்கள் இருந்தன. ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதம். நூல் மட்டும் உலகத்தில் இல்லை.

எந்தப் பாணியில் மேற்கோள் காட்டுவது என்பதில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. தமிழ்த் துறையில் முன்பே சுட்டிய நூலை மேலது, மு.நூ. என்று அடிக்குறிப்பில் எழுதுவார்கள். பிற துறைகளில் ஏ.பி.ஏ., எம்.எல்.ஏ. என்ற ஆங்கில மேற்கோள் பாணிகள், ஆளுக்கொன்று. முதலிலிருந்து முடிவு வரை ஒன்றையே பிடித்துக்கொண்டால் போதும். அந்தப் புள்ளியும் காற்புள்ளியும் பிறகு வரும்.

பாட்டாவுக்கு மட்டும் நேரம் எடுத்துக்கொண்டோம். நாட்டார் வழக்காற்றியல் படித்தவர்களிடம் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஏட்டின் பின்னே தகவலாளர் பட்டியல் போடுவார்கள். பெயர், வயது, தொழில், ஊர், பேசிய நாள். வரலாற்றுத் துறை அதைக் கடன் வாங்கினால் குறைந்துவிடாது என்று துறைத்தலைவரிடம் சொன்னேன். ஏ.பி.ஏ. பாணி இதைத் தனிப்பட்ட தொடர்பு என்று கட்டுரைக்குள் குறித்தால் போதும், பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்கிறது. படிக்கிறவர் போய்ப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை என்பது அதன் வாதம். நான் அதை ஏற்கவில்லை. பாட்டா இருக்கிறார், ஊர் இருக்கிறது, பஸ் போகிறது.

ஒரு கிலோமீட்டர் விவகாரத்தை அவளே தீர்த்துவைத்தாள். சித்தப்பாவிடம் முப்பது மீட்டர் சர்வே டேப் இருந்தது. தம்பியையும் கூட்டிக்கொண்டு மாத்தூருக்குப் போய், நடைபாதையில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே அளந்தாள். பதின்மூன்றாவது முறை டேப் முழுதாக விரியவில்லை. சுற்றுலா வந்தவர்கள் என்னவோ வேலை நடக்கிறது என்று ஒதுங்கி நின்றார்களாம். திருத்திய ஏட்டில் அந்தப் பத்தி இப்படி இருக்கிறது: "பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் என்று பல இணையப் பக்கங்கள் குறிப்பிடுகின்றன. முந்தைய படியில் நானும் அவ்வாறே எழுதியிருந்தேன். நேரில் அளந்தபோது நானூறு மீட்டரை எட்டவில்லை." அதன் அடியில் அளந்த நாளும், எந்தத் தூணிலிருந்து எந்த இடம்வரை என்ற குறிப்பும். "முந்தைய படியில் நானும் அவ்வாறே" என்ற வரியை எடுத்துவிடலாமே என்று நெறியாளர் சொன்னார். அவள் எடுக்கவில்லை.

நான்காம் மாதம் படியை முடித்து, நான்காம் இயலைப் பாட்டாவிடம் வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒருவர் சொன்னதை அச்சில் போடும் முன் அவரிடம் காட்ட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன். அடுத்த சனிக்கிழமை வந்தபோது முகம் வாடியிருந்தது.

"பாட்டா சம்மதிக்கவில்லையா?"

"சம்மதித்துவிட்டார் சார். பெயர் பார்த்து ரொம்பச் சந்தோஷம். இரண்டு முறை தடவிப் பார்த்தார். ஆனால் 51-ஆம் பக்கம் தப்பு என்கிறார்."

51-ஆம் பக்கம், பாலம் கட்டி முடித்து முதன்முதலில் தண்ணீர் விட்ட நாளில் தொட்டியின் இணைப்புகளில் கசிவு அடைத்த கதை. ஏட்டிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம்.

"கதை தப்பா?"

"கதை சரிதானாம். அதை அவர் கண்ணால் பார்க்கவில்லையாம். அவருக்கு முன்னால் அந்தச் சானலில் இருந்த லஸ்கர் சொன்னதாம். அந்த ஆள் இறந்து பல வருஷமாகிவிட்டது. 'அவன் பெயரைப் போடாமல் என் பெயரை எப்படிப் போடலாம்?' என்று திட்டிவிட்டார்."

ஒருவர் வழியாக இன்னொருவரை மேற்கோள் காட்டும்போது எப்படி எழுத வேண்டும் என்று அதுவரை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். 51-ஆம் பக்கத்தின் அடியில் இப்போது இரண்டு லஸ்கர்களின் பெயர் இருக்கிறது. முதல் பெயர் இறந்தவருடையது. அடுத்து "வழியாகக் கேட்டது" என்ற குறிப்போடு பாட்டாவின் பெயர், ஊர், வயது, நாள்.